கோப்பையின் அடிவரை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஓசூரை ஒட்டி, வீடு எழும்பாமல் கிடக்கும் மனைப்பிரிவு ஒன்றில் காலை ஏழு மணிக்கே எங்கள் ரிமோட் கன்ட்ரோல் வண்டிகளை இறக்கிவிட்டோம். முந்தின இரவுத் தூறலில் செம்மண் புழுதி அடங்கியிருந்தது. என் வண்டியில் மூன்று செல் லித்தியம் பாலிமர் பேட்டரி, 12 கேஜ் சிலிக்கான் வயர், எக்ஸ்டி60 கனெக்டர். நாலாவது சுற்றில் மேடேறும்போது வண்டி திக்கித் திக்கி நின்றுபோனது. தூக்கிப் பார்த்தால் மோட்டார் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. கனெக்டரைத் தொட்ட விரல்தான் சுட்டது. மஞ்சள் நைலான் ஒரு பக்கம் இளகி, பாசிட்டிவ் பின் சாய்ந்திருந்தது. சிவப்பு வயரை லேசாக இழுத்தேன், கையோடு வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பின்னின் பின்பக்கம் வயரை இறக்கிப் பற்றவைக்கும் கோப்பையின் வாயில் ஈயம் திரண்டு கண்ணாடி போல மின்னியது. கத்தியால் அதைச் சீவிய பிறகுதான் உள்ளே இருந்தது தெரிந்தது. பாதி ஆழம் வெறுமை. சுவரில் கருகிய ரோசின் பழுப்பாகப் படிந்திருந்தது. வயரின் நடு இழைகள் ஈயமே தொடாமல் செம்பு நிறத்திலேயே இருந்தன. அது நான் வைத்த பற்று. எட்டு மாதமாக அதை நல்ல பற்று என்று நம்பி ஓட்டியிருக்கிறேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தக் கனெக்டர் இளகியதில் வியப்பே இல்லை. 60 ஆம்பியர் ஓடும்போது பற்றில் ஒரு மில்லி ஓம் தடை இருந்தால் அங்கே பிறக்கும் சூடு 3.6 வாட். தடை ஐந்து மில்லி ஓம் ஆகிவிட்டால் 18 வாட். நம்மில் பலர் கையில் முதன்முதலில் எடுத்த சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். மேடேறும் ஒவ்வொரு முறையும் மோசமான பற்று தானே ஒரு சிறிய அயர்னாக மாறி, தன்னைப் பிடித்திருக்கும் நைலானைச் சுடுகிறது. சூடு ஏறினால் தடையும் ஏறும், தடை ஏறினால் இன்னும் சூடு. அது கண்ணுக்குத் தெரியும் நாளில் காலம் கடந்திருக்கும்.

நம் ஊரில் இருந்துகொண்டு இதைப் பொறுத்துக்கொள்வது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980-ல் டிவிஎஸ் 50 வந்தது, அசோக் லேலண்ட் வந்தது, அந்தப் பத்தாண்டுக்குள் டைட்டன் கைக்கடிகாரமும் வந்தது. 2021-ல் ஏத்தர் ஓசூரிலும் ஓலா போச்சம்பள்ளியிலும் மின்சார ஸ்கூட்டர் செய்யத் தொடங்கின. இந்த இதழைப் படிப்பவர்களில் கணிசமானோர் வயர் ஹார்னஸ் லைனிலோ பேட்டரி லைனிலோ போர்டு லைனிலோ பகலெல்லாம் நிற்பவர்கள். ஹார்னஸ் லைனில் கிரிம்ப் நன்றாகத் தெரிகிறது என்று யாரும் சொல்வதில்லை. மைக்ரோமீட்டரில் உயரம் அளக்கிறார்கள், இழுவை எந்திரத்தில் மாட்டி எத்தனை நியூட்டனில் பிடுங்குகிறது என்று பார்க்கிறார்கள், எழுதி வைக்கிறார்கள். அதே கைகள் இரவு எட்டு மணிக்கு வீட்டு மேசையில் ஒரு எக்ஸ்டி60-ஐப் பற்றவைத்துவிட்டு, ‘பளபளவென்று இருக்கிறது, போதும்’ என்று ஸ்லீவை ஏற்றி மூடிவிடுகின்றன. ஷிஃப்டில் இருக்கும் ஒழுங்கு நம் மேசைக்கு வராததுதான் குறை. கைத்திறனில் யாரும் குறைந்தவர்கள் அல்ல.

பற்று ஏன் வாயில் மட்டும் பிடித்து உள்ளே பிடிக்காமல் போகிறது? பதில் தெருவில் ஈயம் பூசியவருக்குத் தெரியும். சின்ன வயதில் எங்கள் வாசலில் குழி தோண்டிக் கரி மூட்டி, துருத்தி வைத்து ஊதிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பித்தளைப் பாத்திரத்தை முதலில் நன்றாகக் காய்ச்சுவார். நவச்சாரத்தைத் தூவுவார், வெள்ளைப் புகை எழும்பும். அதற்குப் பிறகுதான் ஈயக் குச்சியை எடுத்துப் பாத்திரத்தின் மேல் ஒரு இழுப்பு. குச்சியை அவர் நெருப்பில் காட்டியதே இல்லை. பாத்திரத்தின் சூட்டில் அது தானாக உருகும், பஞ்சால் ஒரு சுழற்று சுழற்றினால் உள்ளெல்லாம் வெள்ளி நிறம் பரவிவிடும். சூடு போகவேண்டிய இடம் சாமான். ஈயம் அதைத் தேடிக்கொண்டு வரும். நாமோ ஈயத்தை அயர்னின் டிப்பில் உருக்கி, குளிர்ந்த கோப்பையின் மேல் சொட்டவிடுகிறோம்.

12 கேஜ் வயர் என்பது ஹார்னஸ் கணக்கில் சுமார் 3.3 சதுர மில்லிமீட்டர் செம்பு. அவ்வளவு செம்பு ஒரு வாய்க்கால் மாதிரி. கொடுக்கிற சூட்டையெல்லாம் பேட்டரிப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். 25 வாட் அயர்ன், ஊசி டிப் என்றால் அரை நிமிடம் பிடித்தாலும் கோப்பையின் அடி ஈயம் உருகும் 183 டிகிரியை எட்டாது. அதற்குள் நைலான் இளகிவிடும். ‘கனெக்டர் உருகிவிடும், அதனால் குறைந்த சூட்டில் மெதுவாகச் செய்கிறேன்’ என்று சொல்லும் நண்பர்களுக்கு நேர்வது இதுதான். குறைந்த சூட்டில் நீண்ட நேரம் பிடிப்பதே நைலானுக்கு எமன். 60 வாட்டுக்கு மேல் திறனுள்ள, வெப்பக் கட்டுப்பாடு கொண்ட அயர்ன், நாலைந்து மில்லிமீட்டர் அகலமான உளி டிப், 380 டிகிரி அளவில் வைத்து, டிப்பின் அகன்ற முகத்தைக் கோப்பையின் முதுகில் அழுத்தினால் மூன்று நான்கு நொடியில் வேலை முடியும். எதிர்க் கனெக்டரைச் செருகி வைத்துக்கொண்டு செய்யுங்கள். பின்கள் சாயாது, மிச்சச் சூட்டையும் அது வாங்கிக்கொள்ளும்.

முதலில் வயருக்குத் தனியாக, கோப்பைக்குத் தனியாக ஈயம் ஏற்றிக்கொள்ள வேண்டும். வயர் இழைகளின் நடுவரை ஈயம் ஊறியிருக்கிறதா என்று முனையைப் பார்த்தாலே தெரியும். பிறகு கோப்பையைச் சூடாக்கி, உள்ளே ஈயம் குளம்போலத் தளும்பும்போது வயரை அடிமட்டம் தட்டும்வரை இறக்கி, அயர்னை எடுத்துவிட்டு அசையாமல் பிடியுங்கள். 60/40 ஈயம் 190-லிருந்து 183 டிகிரி வரை மாவுப் பதத்தில் நிற்கும், அந்த நேரத்தில் கை அசைந்தால் உள்ளே விரிசல் விழும். 63/37 வாங்கினால் அந்தப் பதமே கிடையாது, 183-ல் சட்டென்று உறைந்துவிடும். விலை கொஞ்சம் கூடினாலும் எங்கள் பரிந்துரை அதுதான். மின்விசிறியை நிறுத்துங்கள். மார்கழி விடியலில் மொட்டைமாடியில் உட்கார்ந்து பற்றவைக்கும் ஓசூர்க்காரர்களுக்குக் காற்றைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

ஃப்ளக்ஸ் விஷயத்தில் நான் கறாராக இருக்கிறேன். ரேடியேட்டர் பட்டறையில் பயன்படும் அமிலமோ, தகர வேலைக்கு ஹார்டுவேர் கடையில் விற்கும் அமிலப் பசையோ நம் மேசைக்கு வரவே கூடாது. ரேடியேட்டரைக் கழுவி விடலாம். சிலிக்கான் உறைக்குள் நூற்றுக்கணக்கான மெல்லிய இழைகளுக்கிடையே ஊறிப்போன அமிலத்தைக் கழுவ வழியில்லை. சில மாதம் கழித்து வயரை உரித்தால் பச்சைக் களிம்பு தெரியும். ரோசின் போதும்.

இந்தப் பற்றவைப்புக்கு நம் பகுதியில் பெயர் மட்டும் மூன்று. கன்னடத்தில் பெசுகெ, தெலுங்கில் டங்கம், தமிழில் பழைய சொல் பற்றாசு. ஜூஜூவாடியைத் தாண்டி பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குப் போய்க் கனெக்டர் வாங்கும்போது மூன்றும் காதில் விழும்.

ஹார்னஸ் துறை நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: ‘வண்டியில் எவனாவது ஈயம் வைப்பானா? அதிர்வில் முறியாதா?’ நியாயமான கேள்விதான். ஈயம் இழைகளுக்குள் ஏறி நிற்கும் இடம் கம்பிபோல விறைத்துவிடும், அதன் விளிம்பில் வளைந்து வளைந்து வயர் முறியும். நல்ல கிரிம்ப் பற்றுக்கு இளைத்ததல்ல, அதிர்வில் அதைவிட மேல். ஆனால் எக்ஸ்டி60-ம் டீன்ஸ் டி-பிளக்கும் பற்றவைப்பதற்கென்றே செய்யப்பட்டவை. அவற்றைக் கட்டிங் பிளேயரால் நசுக்கி ‘கிரிம்ப்’ செய்வது இரண்டுக்கும் கேடு. ஆகவே ஈயம் உறைக்குள் ஏறாதபடி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்பே நிறுத்துங்கள். பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவைக் கோப்பையிலிருந்து உறை வரை இழுத்து மூடுங்கள். வயரை வண்டியின் சேஸியில் ஒரு டை போட்டுக் கட்டிவிட்டால் வளைவு பற்றின் பக்கம் வராது.

இனி அளவு. ஸ்லீவ் ஏற்றுவதற்கு முன் செய்யவேண்டியது இது. செருகிய கனெக்டர் ஜோடி வழியாகக் கார் ஹெட்லைட் பல்பு ஒன்றை, 55 வாட் இழையை, மூன்று செல் பேட்டரியில் எரியவிடுங்கள். ஏறக்குறைய 5 ஆம்பியர் ஓடும். (பல்பு கடுமையாகச் சுடும், செங்கல் மேல் வையுங்கள்.) மல்டிமீட்டரை 200 மில்லிவோல்ட்டில் வைத்து, ஒரு முனையைக் கோப்பைக்கு மேலே தெரியும் வயர் இழையில், மறு முனையைக் கோப்பையின் உலோகத்தில் வையுங்கள். இரண்டும் ஈயத்தின் மேல் படக்கூடாது. 5 ஆம்பியரில் ஒரு மில்லி ஓம் என்பது 5 மில்லிவோல்ட். நல்ல பற்றில் ஒரு மில்லிவோல்ட்டைக்கூட எட்டாது. பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இருந்தால், அதிகம் காட்டுவதை உருக்கி மறுபடி வையுங்கள். அளந்து முடித்ததும் பேட்டரியைக் கழற்றிவிட்டு, வயரைப் பிடித்து உறுதியாக ஒருமுறை இழுத்துப் பாருங்கள். என் பழைய கனெக்டரின் மறு பாதி, அதாவது நெகட்டிவ் பற்று, பார்வைக்கு அதே பளபளப்போடுதான் இருந்தது. அளந்தபோது 7.4 மில்லிவோல்ட் காட்டியது. உருக்கி, கோப்பையைச் சுத்தம் செய்து, மேலே சொன்னபடி வைத்த பிறகு 0.3.

பேட்டரி பக்கம் வேலை செய்யும்போது இரண்டு வயரையும் ஒரே நேரத்தில் வெட்டவே வெட்டாதீர்கள். கட்டரின் உலோகம் இரண்டையும் ஒன்றாகத் தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். ஒன்றை முடித்து, மூடி, பிறகு அடுத்தது. பேட்டரி பக்கம் எப்போதும் உள்வாங்கிய தொடுகை உள்ள பெண் கனெக்டர்தான். 60/40 ஈயத்தில் 40 பங்கு காரீயம், 63/37-ல் 37 பங்கு, ஆகவே கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் டீ கிளாஸைத் தொடாதீர்கள், குழந்தைகளை மேசையருகே விடாதீர்கள். நெஞ்சில் இறங்கும் புகை ரோசினுடையது. ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் ஆஸ்துமா வரக்கூடும் என்பதால் சின்ன விசிறி ஒன்று அதை முகத்திலிருந்து பக்கவாட்டில் இழுக்கட்டும். அதன் காற்று பற்றின் மேல் நேராக அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். உங்கள் வண்டியில் இப்போது இருக்கும் கனெக்டர்களின் ஸ்லீவை உரித்து, இரண்டு பற்றுகளையும் அளந்து அனுப்புங்கள். வயர் கேஜ், கனெக்டர் வகை, ஈயம், அயர்னின் வாட், எத்தனை மாதம் ஓடியது, எத்தனை மில்லிவோல்ட் என்று ஒரு வரியில் எழுதினால் போதும். மோசமான அளவு வந்தாலும் அனுப்புங்கள். பெயர் போடவேண்டாம் என்றால் போடமாட்டோம். என் 7.4-ஐ அந்தப் பட்டியலின் முதல் வரியாக எழுதி வைத்திருக்கிறேன்.