பிரசவ அறையில் துணை வேண்டும்



தமிழக அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது உறவுப் பெண் ஒருவர் கூடவே இருக்கலாம் என்ற திட்டம் 2004-லேயே வந்துவிட்டது. ஆனால் சென்ற மாதம் வலி எடுத்து என் மகளைச் சேர்த்தபோது, “வெளியே இருங்கம்மா” என்று கதவைச் சாத்திவிட்டார்கள். அவள் “அம்மா, அம்மா” என்று அலறியது வராந்தா வரை கேட்டது. இடுப்பை நீவிவிட, ஒரு வாய் வெந்நீர் கொடுக்க, கையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டாமா? ஒரே நேரத்தில் நாலைந்து பேரைப் பார்க்கும் நர்ஸம்மாக்களால் அது முடியாது. அவர்களை நான் குறை சொல்லவில்லை. 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2017 அறிக்கை, தொடர்ந்து துணை இருந்தால் சிசேரியன் குறைகிறது, வலி நேரமும் சுருங்குகிறது என்கிறது. கட்டில்களுக்கு நடுவே மறைப்பு இல்லாததுதான் தடை என்றால், சுகாதாரத் துறை உடனே திரை வாங்கிப் போடட்டும்.

– ஒரு வாசகி, திருவாரூர்