மாஸ்டடான், ப்ளூஸ்கை... 'ஓனர் இல்லாத' சோஷியல் மீடியா தாக்குப்பிடிக்குமா?

2019 நவம்பரில் இந்திய ட்விட்டர் முழுக்க ஒரு புதுப் பெயர் சுற்றியது: மாஸ்டடான். காரணம், உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேவின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டது. 1936-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் கப்பல் கட்டும் தளத்தில் எடுக்கப்பட்ட பிரபலமான படம் ஒன்று அவர் பக்கத்தில் இருந்தது. கூட்டமே நாஜி வணக்கம் வைக்க, ஒருவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் படம். நாஜிக்களை எதிர்த்த அந்தப் படமே விதிமீறல் என்றது ட்விட்டர். கணக்கு திரும்பக் கிடைத்து, வேறொரு பதிவுக்காக மறுபடியும் போனது. கடுப்பான பலர் மாஸ்டடானில் கணக்கு தொடங்கினார்கள். ஆனால், அந்தப் பேச்சு சீக்கிரமே அடங்கியது.

அதன்பிறகு இதே கதை பல நாடுகளில் பலமுறை நடந்துவிட்டது. ஒரு பெரிய தளம் கோபத்தைக் கிளப்பும், கூட்டம் கிளம்பும், பாதி திரும்பி வரும். அப்படியானால் இந்த மாற்றுத் தளங்கள் நிலைக்குமா, இல்லை ஒவ்வொரு கோபத்துக்கும் ஒதுங்கும் பஸ் ஸ்டாப் மட்டும்தானா?

முதலில், டீசென்ட்ரலைஸ்டு என்றால் என்ன?

ஜிமெயிலில் இருந்து யாகூவுக்கு மெயில் அனுப்ப முடிகிறது. இரண்டும் வேறு வேறு நிறுவனங்கள். ஆனாலும் பொதுவான ஒரு விதிமுறையை, அதாவது புரோட்டோகாலை, இரண்டும் பின்பற்றுவதால் கடிதம் போய்ச் சேர்கிறது. ஃபேஸ்புக்கில் இருப்பவர் எக்ஸில் இருப்பவரை இப்படி ஃபாலோ பண்ண முடியுமா? முடியாது.

இந்தச் சுவரை உடைக்க வந்ததுதான் மாஸ்டடான். ஜெர்மனியைச் சேர்ந்த யூஜின் ரோச்கோ 2016-ல் தொடங்கியது. இதில் ஒரே பெரிய சர்வர் கிடையாது. ஆயிரக்கணக்கான சிறு சர்வர்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்மின், தனி விதிகள். ஆனால் எல்லாம் ஆக்டிவிட்டிபப் என்ற பொது புரோட்டோகாலில் பேசிக்கொள்ளும். இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் இதை அங்கீகரித்தது. இப்படி இணைந்த சர்வர்களின் கூட்டத்துக்குப் பெயர் ஃபெடிவர்ஸ்.

ப்ளூஸ்கை வேறு வழி. 2019 டிசம்பரில் ஜாக் டோர்சி ட்விட்டருக்குள்ளேயே அறிவித்த திட்டம் அது. பிறகு தனி நிறுவனமாகி, ஏ.டி. புரோட்டோகால் என்ற சொந்த விதிமுறையில் இயங்குகிறது.

அலை வரும், பாதி திரும்பும்

2022 அக்டோபரில் எலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை வாங்கினார். அடுத்த சில வாரங்களில் மாஸ்டடானின் மாதப் பயனர்கள் சுமார் 25 லட்சத்தைத் தொட்டார்கள். 2023 ஜனவரி முடிவதற்குள் அது சுமார் 14 லட்சமானது.

அடுத்த அலை ப்ளூஸ்கைக்கு. 2024 ஆகஸ்ட் இறுதியில் பிரேசில் உச்ச நீதிமன்றம் எக்ஸ் தளத்தைத் தடை செய்ய, சில நாள்களில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ப்ளூஸ்கையில் சேர்ந்தார்கள். நவம்பரில் அமெரிக்கத் தேர்தல் முடிந்ததும் மொத்தக் கணக்குகள் 2 கோடியைத் தாண்டின. 2025-ல் 4 கோடி.

பெரிய எண்தான். ஆனால், கணக்கு தொடங்கியவர் வேறு, தினமும் வருபவர் வேறு. கோபம் ஒருவரைப் புதுத் தளத்துக்குக் கூட்டிவரும். அங்கேயே உட்கார வைப்பது நண்பர்கள், செய்தி, கிரிக்கெட், வேலைவாய்ப்பு. அவை பழைய இடத்திலேயே இருந்தால் கால் தானாகத் திரும்பிவிடும்.

ஆனால், இழுத்து மூடியது யார்?

இதே காலத்தில் வந்த மற்ற போட்டியாளர்களைப் பாருங்கள். இந்தியாவின் 'கூ' 2020-ல் வந்தது. தமிழ் உட்படப் பல மொழிகளில் இயங்கியது, மத்திய அமைச்சர்கள் எல்லாம் கணக்கு வைத்திருந்தார்கள். முதலீடு வறண்டு, விற்பனைப் பேச்சும் கைகூடாமல் 2024 ஜூலையில் மூடப்பட்டது. அமெரிக்காவில் போஸ்ட் நியூஸ், கோஹோஸ்ட் இரண்டும் அதே ஆண்டில் கடையைக் கட்டின. இவை எல்லாம் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்த தளங்கள். நிறுவனம் போனால் தளமும் போச்சு.

பெரிய கம்பெனி என்றால் பாதுகாப்பு என்றும் சொல்ல முடியாது. ஆர்குட் 2014-ல் மூடப்பட்டது, கூகுள் பிளஸ் 2019-ல். இரண்டுமே கூகுளின் பிள்ளைகள்தான்.

மாஸ்டடான் இன்னும் ஓடுகிறது. 2010-ல் நியூயார்க்கின் நான்கு மாணவர்கள் பொதுமக்களிடம் 2 லட்சம் டாலர் திரட்டித் தொடங்கிய டயாஸ்போராவும் ஒரு மூலையில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஃபேஸ்புக்கைக் காலி செய்யும் என்று அப்போது எழுதப்பட்டது, அது நடக்கவில்லை. ஆனால் டயாஸ்போராவும் காலியாகவில்லை.

ஆக, இங்கே கேள்விகள் இரண்டு. பிழைத்திருக்குமா என்பது ஒன்று. பெரிய தளங்களின் இடத்தைப் பிடிக்குமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு வரலாறு கிட்டத்தட்ட 'ஆமாம்' என்கிறது. இரண்டாவதற்குத்தான் இழுபறி.

சரி, பில் யார் கட்டுவது?

விளம்பரம் இல்லை, உங்கள் டேட்டாவை விற்பது இல்லை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சர்வர் வாடகை மாதாமாதம் வரும். மாஸ்டடானில் நீங்கள் போடும் பதிவு, உங்களைப் பின்தொடர்பவர்கள் இருக்கும் ஒவ்வொரு சர்வருக்கும் நகலாகப் போகிறது. படங்கள், வீடியோக்களும் அங்கே சேர்கின்றன. பயனர்கள் கூடக் கூட ஸ்டோரேஜ் செலவும் ஏறும். இதைப் பெரும்பாலும் நன்கொடையாலும் அட்மின்கள் சொந்தக் காசாலும்தான் சமாளிக்கிறார்கள்.

பணத்தைவிடப் பெரிய செலவு மனுஷ உழைப்பு. 2023-ல் மாஸ்டடான் டாட் லால் என்ற சர்வரை நடத்தியவர், தனக்கு வந்த வசவும் தொல்லையும் தாங்காமல் மூடப்போவதாக அறிவித்தார். சுமார் 12,000 பேர் வேறு இடம் தேட வேண்டியிருந்தது. ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரைத் தரும் மொஸில்லாவே தன் மாஸ்டடான் சர்வரை 2024 டிசம்பரில் மூடிவிட்டது.

விநோதமான ஆபத்துகளும் உண்டு. 2024 பிப்ரவரியில் குயர் டாட் ஏஎஃப் என்ற, பால்புதுமையினருக்கான சர்வர் திடீரென முகவரி இழந்தது. டாட் ஏஎஃப் ஆப்கானிஸ்தானின் இணைய முகவரி. தாலிபான் அரசு அதை முடக்கியது. சர்வர் யாருடையது என்பதோடு, அதன் பெயர்ப்பலகை யார் கையில் இருக்கிறது என்பதும் முக்கியம் என்று அன்று பலருக்குப் புரிந்தது.

சண்டை வந்தால் யார் விலக்குவது?

2024 நவம்பரில் கூட்டம் குவிந்தபோது ப்ளூஸ்கையில் முழுநேர ஊழியர்கள் சுமார் 20 பேர்தான். ஒரே நாளில் 42,000-க்கும் மேற்பட்ட புகார்கள் வந்ததாக நிறுவனம் சொன்னது. 2023-ம் ஆண்டு முழுவதற்கும் வந்தவை 3.6 லட்சம். உடனே ஒப்பந்த அடிப்படையில் புகார் பரிசீலனைக்கு ஆள் கூட்ட வேண்டியதாயிற்று.

மாஸ்டடானில் இந்த வேலை அந்தந்த சர்வரின் தலையில். மோசமான சர்வரை மற்ற சர்வர்கள் கூட்டாகத் துண்டித்துவிடலாம். 2019-ல் தீவிர வலதுசாரிகளின் தளமான கேப், மாஸ்டடானின் மென்பொருளுக்கு மாறியபோது அதுதான் நடந்தது. ஓப்பன் சோர்ஸ் என்பதால் பயன்படுத்துவதைத் தடுக்க முடியவில்லை, தனிமைப்படுத்த முடிந்தது.

ஆனால், துண்டித்தாலும் குப்பை அழிவதில்லை. 2023-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டே நாள்களின் ஃபெடிவர்ஸ் பதிவுகளைச் சோதித்ததில், குழந்தைகள் மீதான பாலியல் வன்முறைப் படங்கள் 112 இடங்களில் சிக்கின. பெரிய நிறுவனங்களிடம் இதைப் பிடிக்கத் தானியங்கிக் கருவிகள் இருக்கின்றன. தன்னார்வலர் நடத்தும் பல சர்வர்களில் அவை இல்லை.

நமக்கு இதில் கூடுதல் தலைவலி மொழி. தமிழில் ஒரு பெண்ணை வசைபாடும் பதிவு, ஜெர்மனியில் உட்கார்ந்திருக்கும் அட்மினுக்கு எப்படிப் புரியும்? தமிழ் தெரிந்தவர்கள் நடத்தும் சர்வரில்தான் அந்தப் புகாருக்கு மதிப்பு இருக்கும்.

ப்ளூஸ்கை நிஜமாகவே பரவலாக்கப்பட்டதா?

பேப்பரில் ஆமாம். நடைமுறையில் பாதிதான். உங்கள் பதிவைச் சேமிக்கும் சர்வர், எல்லாப் பதிவுகளையும் திரட்டும் ரிலே, திரையில் காட்டும் செயலி என மூன்றையும் தனித்தனி ஆட்கள் நடத்தலாம் என்பதே அதன் வடிவமைப்பு. ஆனால் மிகப் பெரும்பாலானோரின் கணக்குகள் நிறுவனத்தின் சர்வர்களில்தான் இருக்கின்றன. 2024 அக்டோபரில் 1.5 கோடி டாலர் முதலீடும் வாங்கியிருக்கிறார்கள். முதலீடு போட்டவர்கள் ஒருநாள் லாபம் எங்கே என்று கேட்பார்கள். ட்விட்டர் செய்த தவறுகளையே ப்ளூஸ்கையும் செய்கிறது என்று சொல்லி, டோர்சி 2024 மே மாதமே அதன் நிர்வாகக் குழுவில் இருந்து வெளியேறிவிட்டார்.

இருந்தாலும் அந்த 'பாதி'க்குப் பலன் இருக்கிறது. 2025 ஏப்ரலில் துருக்கி அதிகாரிகள் கேட்டதால் 72 கணக்குகளை அந்நாட்டில் ப்ளூஸ்கை மறைத்தது. நிறுவனத்தின் செயலியில்தான் அவை மறைந்தன. அதே நெட்வொர்க்கில் இயங்கும் வேறு சில செயலிகளில் தொடர்ந்து தெரிந்தன. பிளாக்ஸ்கை போன்ற குழுக்கள் சொந்த சர்வர், சொந்த ரிலே என்று கட்டத் தொடங்கியிருப்பதும் இந்தத் திறந்த வடிவமைப்பால்தான்.

யு.பி.ஐ சொல்லும் பாடம்

திறந்த புரோட்டோகால் இருந்தால் ஏகபோகம் வராதா? பதில் உங்கள் போனிலேயே இருக்கிறது. யு.பி.ஐ-யில் எந்தச் செயலியில் இருந்தும் யாருக்கும் பணம் அனுப்பலாம். ஆனாலும் சுமார் 80 சதவிகிதப் பரிவர்த்தனைகள் போன்பே, கூகுள் பே என்ற இரண்டே செயலிகளில் நடக்கின்றன. ஒரு செயலிக்கு 30 சதவிகித உச்சவரம்பு என்று என்.பி.சி.ஐ 2020-லேயே அறிவித்தது. கெடு தள்ளித் தள்ளி இப்போது 2026 இறுதி வரை வந்திருக்கிறது.

சோஷியல் மீடியாவில் இந்த இடத்துக்கு வரக்கூடியது மெட்டாவின் த்ரெட்ஸ். 2023 ஜூலையில் தொடங்கி ஐந்தே நாளில் 10 கோடிக் கணக்குகள். 2024-ல் இருந்து விரும்புவோர் தங்கள் பதிவுகளை ஃபெடிவர்ஸுக்கும் அனுப்பலாம். வரட்டும், கூட்டம் பெருகும் என்கிறார்கள் சிலர். மற்றவர்களுக்கு கூகுள் டாக் நினைவுக்கு வருகிறது. அது எக்ஸ்.எம்.பி.பி என்ற திறந்த புரோட்டோகாலில் வளர்ந்தது. 2013-ல் ஹேங்அவுட்ஸ் வந்ததும் கூகுள் அதைக் கைகழுவியது. அந்தப் பயத்தில் பல சர்வர்கள் த்ரெட்ஸை முன்கூட்டியே தடுத்துவிட்டன.

ஆனாலும் யு.பி.ஐ-யில் ஒரு நல்ல விஷயம் உண்டு. போன்பே பிடிக்கவில்லை என்றால் நாளைக்கே வேறு செயலிக்கு மாறலாம், எதிரில் இருப்பவர் எந்தச் செயலி வைத்திருக்கிறார் என்று கவலைப்பட வேண்டாம். 2025-ல் 'அரட்டை' செயலி திடீரெனப் பிரபலமானபோது, மெசேஜிங்கும் யு.பி.ஐ, மெயில் மாதிரி ஒன்றோடொன்று பேச வேண்டும் என்று ஸோஹோவின் ஸ்ரீதர் வேம்பு சொன்னதும் இதைத்தான்.

அப்போ, தாக்குப்பிடிக்குமா?

எக்ஸையோ இன்ஸ்டாவையோ இவை ஓரங்கட்டும் அறிகுறி இப்போதைக்கு இல்லை. ஆனால் காணாமலும் போகாது. காசும் ஆளும் கிடைக்கும் இடங்களில் வேர் பிடிக்கும். ஐரோப்பிய ஆணையமும் நெதர்லாந்து அரசும் சொந்தமாக மாஸ்டடான் சர்வர் வைத்திருக்கின்றன. அரசு அறிவிப்பு மக்களைச் சென்றடைய ஒரு தனியார் முதலாளியின் மனநிலையை நம்பியிருக்க வேண்டாம் என்பதே கணக்கு. பல்கலைக்கழகங்கள், ஊடகங்கள், நூலகங்கள் இப்படிச் செய்தால் அட்மினின் சொந்தக் காசை நம்பும் நிலை மாறும்.

நிர்வாகத்திலும் மாற்றம் வருகிறது. மாஸ்டடானைத் தனியாளாகத் தொடங்கிய ரோச்கோ 2025 நவம்பரில் தலைமைப் பொறுப்பில் இருந்து விலகி, வணிகச் சின்ன உரிமையையும் லாப நோக்கற்ற அமைப்பிடம் ஒப்படைத்தார். தொடங்கியவர் நகர்ந்தும் ஓடுகிறதா என்பதுதான் அடுத்த பரீட்சை.

நமக்கு இதில் என்ன இருக்கிறது? ஐந்து வருடம் எழுதிச் சேர்த்த பதிவுகள், வேலை வாங்கித் தந்த தொடர்புகள், சின்னத் தொழிலின் வாடிக்கையாளர்கள் எல்லாம் யாரோ ஒருவரின் சர்வரில் இருக்கின்றன. 2011-ல் நாடு முழுக்க நம்பர் போர்ட்டபிலிட்டி வந்தபோது, நம்பரை மாற்றாமலே நெட்வொர்க்கை மாற்றும் உரிமை கிடைத்தது. அதே உரிமையை சோஷியல் மீடியாவிலும் கேட்பதுதான் இந்த முயற்சியின் சாரம்.

சேரும் முன் கவனிக்க வேண்டியவை

* யார் நடத்துகிறார்கள்? மாஸ்டடானின் அதிகாரபூர்வப் பட்டியலில் உள்ள சர்வர்கள், மூடுவதாக இருந்தால் மூன்று மாதம் முன்பே சொல்வதாகவும், தினமும் பேக்கப் எடுப்பதாகவும், அவசரத்துக்கு ஒருவருக்கு மேல் பொறுப்பில் இருப்பதாகவும் உறுதி தருகின்றன. அங்கிருந்து தேர்வு செய்வது நல்லது.
* காசு எங்கிருந்து வருகிறது? வரவு செலவை வெளிப்படையாகச் சொல்லும் சர்வர் என்றால் நம்பலாம். மாதம் ஒரு டீ காசு கொடுத்தாலும் உதவிதான்.
* எதை எடுத்துக்கொண்டு கிளம்பலாம்? மாஸ்டடானில் சர்வர் மாறினால் ஃபாலோயர்கள் கூட வருவார்கள், பழைய பதிவுகள் வராது. அவ்வப்போது டவுன்லோடு செய்து வையுங்கள்.
* ரகசியம் பேசாதீர்கள். மாஸ்டடானில் தனிப்பட்ட மெசேஜை சர்வர் அட்மின் நினைத்தால் பார்க்க முடியும்.
* பழைய கணக்கை உடனே அழிக்காதீர்கள். இரண்டிலும் கொஞ்ச நாள் இருந்து பாருங்கள். உங்கள் ஆட்களில் பத்துப் பேர் அங்கே தொடர்ந்து பேசினாலே, அந்தத் தளம் உங்களைப் பொறுத்தவரை நிலைத்துவிட்டது என்று அர்த்தம்.