பிடி கயிற்றில் இருக்கிறது
படகை நிறுத்துவது நங்கூரத்தின் எடை மட்டுமல்ல. எவ்வளவு கயிறு விடுகிறோம், எங்கே கட்டுகிறோம் என்பதும்தான்.

மோட்டார் படகுக்கு பிரேக் கிடையாது. கடலில் இன்ஜின் நின்றுபோனால் காற்றும் நீரோட்டமும் அதை இஷ்டத்துக்கு இழுத்துப் போகும். பாறையில் மோதாமல், பெரிய கப்பலின் பாதையில் குறுக்கிடாமல் அதைப் பிடித்து வைக்கக்கூடியது நங்கூரம் ஒன்றுதான். ஆனால் படகு வாங்குகிறவர்கள் இன்ஜினின் குதிரைசக்தியைப் பற்றித் துருவித் துருவிக் கேட்கிற அளவுக்கு நங்கூரத்தைப் பற்றிக் கேட்பதில்லை.

கனமாக இருந்தால் போதும், நிற்கும் என்பது பொதுவான நம்பிக்கை. பாதிதான் உண்மை. சிறு படகின் நங்கூரம் எடையால் நிற்பதில்லை. மண்ணைக் கவ்வி நிற்கிறது. கயிறு கடலடியை ஒட்டிக் கிடைவாக இழுத்தால் அதன் கூர்முனை மேலும் மேலும் மண்ணில் புதையும். கயிறு மேல்நோக்கி இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். ஆகவே கயிறு நீளமாக இருக்க வேண்டும். நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் இடையே சில மீட்டர் சங்கிலி இருந்தால் இன்னும் நல்லது. அதன் கனம் இழுவையைத் தரையோடு வைத்திருக்கும். கயிறு பாறையில் உரசி அறுந்து போகாமலும் காக்கும்.

எவ்வளவு நீளம்? சாதாரண வேளையில் ஆழத்தைப் போல் 5 மடங்கு, காற்று பலமாக இருந்தால் 7 மடங்கு என்பது உலகெங்கும் படகோட்டிகள் கைக்கொள்ளும் கணக்கு. இதில் ஆழம் என்பது கடலின் ஆழம் மட்டுமல்ல. நீர்மட்டத்திலிருந்து படகின் அணியம் நிற்கும் உயரத்தையும், இனி ஏறப்போகும் ஓதத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தியக் கரையில் பலரை ஏமாற்றுவது இந்த ஓதம்தான். கொச்சியில் கடல் ஏறி இறங்குவது சுமார் ஒரு மீட்டர். மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி 4 முதல் 5 மீட்டர். குஜராத்தின் பாவ்நகர் பக்கம் 10 மீட்டரையும் எட்டும். மும்பையில் வற்றத்தின்போது 3 மீட்டர் ஆழத்தில் ஒருவர் படகை நிறுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். அணியம் ஒரு மீட்டர் உயரம். 4 மீட்டருக்கு 5 மடங்கு என்று 20 மீட்டர் கயிறு விடுகிறார். ஆறு மணி நேரத்தில் கடல் 5 மீட்டர் ஏறிவிட்டால் கணக்கு 9 மீட்டராகிவிடும். இப்போது அந்தக் கயிறு இரண்டு மடங்கு சொச்சம்தான். படகு நகரத் தொடங்கும். அவர் விட்டிருக்க வேண்டியது 45 மீட்டர். கொச்சியில் போதுமானதாக இருந்த கயிறு மும்பையில் போதாது.

தரையைப் பார்த்து நங்கூரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நாலு கொக்கி கொண்ட சிறு நங்கூரம் பாறையைப் பற்றும், மணலில் வழுக்கும். சேற்றுக்கும் மணலுக்கும் ஏற்றது தட்டையான இரட்டை நாக்கு கொண்ட டான்ஃபோர்த் வகை. கலப்பைக் கொழு வடிவ நங்கூரத்தை 1933-ல் உருவாக்கியவர் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜி.ஐ. டெய்லர். கடல் விமானங்களுக்காக யோசித்தது அது. லட்சத்தீவு போன்ற இடங்களில் இன்னொரு கவனமும் தேவை. ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும் பவளத்தை ஒரு நங்கூரம் நொடியில் உடைத்துவிடும். பாறையாக வளரும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளன. அங்கே மணல் திட்டில் மட்டுமே நங்கூரம் இட வேண்டும்.

இடும் முறை எளிது. காற்றை, அல்லது நீரோட்டம் வலுவாக இருந்தால் அதை, எதிர்கொண்டு படகை நிறுத்த வேண்டும். நங்கூரத்தைச் சுழற்றி வீசக் கூடாது. மெல்ல இறக்க வேண்டும். அது தரை தட்டியதும் படகைப் பின்னோக்கி நகரவிட்டுக் கயிற்றைக் கொடுக்க வேண்டும். கயிற்றை அணியத்தில் கட்டிவிட்டு, இன்ஜினை ரிவர்சில் மெதுவாக இயக்கினால் கூர்முனை புதையும். பிறகு கரையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும் இரண்டு அடையாளங்களைக் குறித்துக்கொள்ளலாம்: ஒரு கோபுரம், அதன் பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி. அவை ஒன்றை விட்டு ஒன்று விலகிக்கொண்டே போனால் நங்கூரம் இழுபடுகிறது. கயிற்றைத் தொட்டால் அதிர்வதும் அதற்கு அறிகுறி. காற்று திசை மாறினால் படகு வட்டமடிக்கும். பக்கத்துப் படகில் இடிக்காத இடைவெளி வேண்டும். இரவில் சுற்றிலும் தெரியும் வெள்ளை விளக்கு அவசியம்.

எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாதது, கயிற்றைப் படகின் பின்புறத்தில் கட்டுவது. இன்ஜினின் கனத்தால் ஏற்கனவே தாழ்ந்திருக்கும் பகுதி அது. 2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஃபுளோரிடா கரைக்கு அப்பால் 21 அடி படகில் நால்வர் மீன்பிடிக்கச் சென்றனர். திரும்பும் நேரம் நங்கூரம் அடியில் சிக்கிக்கொண்டது. கயிற்றைப் பின்புறத்தில் கட்டி, இன்ஜினை முடுக்கி இழுத்தார்கள். பின்புறம் அமிழ்ந்தது, தண்ணீர் புகுந்தது, படகு கவிழ்ந்தது. உயிர் தப்பியவர் ஒருவர்தான். சிக்கிய நங்கூரத்தை அணியத்திலிருந்தே, எதிர்த் திசையில் மெல்லச் சென்று விடுவிக்கப் பார்க்கலாம். முடியாவிட்டால் கயிற்றை அறுத்துவிடுவதே புத்திசாலித்தனம். அதற்கு ஒரு கத்தி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

நங்கூரத்துக்கும் எல்லை உண்டு. 2021 மே மாதம் தவ்தே புயலில் மும்பைக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்த பி-305 என்ற பணியாளர் மிதவை நங்கூரப் பிடி இழந்து, அடித்துச் செல்லப்பட்டு மூழ்கியது. அதில் இருந்த 261 பேரில் 186 பேரே மீட்கப்பட்டனர். பெரிய மிதவைக்கே அந்தக் கதி. புயல் எச்சரிக்கை வந்தால் சிறு படகுக்குப் பாதுகாப்பு துறைமுகத்தில்தான், நங்கூரத்தில் அல்ல.

புறப்படும் முன் செய்ய வேண்டியவை சிலவே. நங்கூரம் சாமான்களுக்கு அடியில் இல்லாமல் அணியத்தில் தயாராக இருக்கிறதா? கயிறு சிக்கில்லாமல் சுருட்டப்பட்டிருக்கிறதா? அன்றைய ஓத அட்டவணை கையில் உண்டா? முக்கியமாக, கயிற்றின் மறுமுனை படகில் கட்டப்பட்டிருக்கிறதா? நங்கூரத்தைக் கடலில் இறக்கிய பிறகு இதைக் கவனிப்பவர்களும் உண்டு.