ஒப்பாரிக்கு வீரம் இல்லையாம்

சாவுக்கு அஞ்சாத பாட்டைத் தமிழ்ப் புனைவில் தேடும் ஆய்வாளர் பலர் புறநானூற்றில் தொடங்கிப் பரணியில் களைப்பாறுகின்றனர். தேயிலைக் காட்டு எழுத்துக்கு வந்ததும் முகம் சுளிக்கின்றனர். அங்கே அழுகைதான் மிகுதி, எழுச்சிப்பாட்டு ஒன்றுமில்லை என்பது அவர்கள் குறை. மூணாற்று மக்களைக் கோழையர் என்று சொல்லாமல் சொல்லும் கூற்று இது.

முதலில், அவர்கள் போற்றும் பாட்டுகளைப் பாடுவது யார்? களத்தில் பிணங்களைப் புரட்டி, மகனின் சிதைந்த உடலைக் கண்டு மகிழும் தாயை நமக்குக் காட்டுபவர் காக்கைபாடினியார் நச்செள்ளையார். அந்தத் தாய் வாய் திறந்து பாடவில்லை. அவள் மகிழ்ந்தாள் என்று புலவர் சொல்கிறார். கலிங்கத்துப் பரணியிலோ செத்தவர் பற்களை அரிசியாகக் குற்றிக்கொண்டு குலோத்துங்கனைப் பாடுபவை பேய்கள். கூழுக்குக் காத்திருக்கும் பேய்க்குச் சாவச்சம் எங்கிருந்து வரும்? சாகப்போகிறவன் குரல் இவ்விரண்டிலும் இல்லை. கவிதையாக இரண்டும் பெரியவையே, அதில் வழக்கில்லை.

வால்பாறையில் மருத்துவராகப் பணிபுரிந்த பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ ஆன நாவலை எடுத்துக்கொள்வோம். கங்காணியின் முன்பணத்தை நம்பி மலையேறியவர்களைக் கொன்றது மலேரியா. கொசுவை நோக்கி வாளுயர்த்திப் பாட முடியுமா? பக்கத்து லயத்தில் பிணம் கிடக்க, மறுநாள் விடியலில் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு கொழுந்தெடுக்கச் சென்றவளின் துணிவை அளக்க நம் இலக்கணத்தில் துறை இல்லை. ஒப்பாரி வெறும் கண்ணீரும் அன்று. செத்தவனை விளித்து, அவனைக் கைவிட்டவர்களை ஊரறிய வரிசையாகச் சொல்லும் வடிவம் அது. இழவுவீட்டில் ஒருத்தி அப்படிக் குற்றம் சாட்டும்போது அவளை யாரும் எளிதில் அடக்கிவிட முடியாது.

2015 செப்டம்பரில் மூணாற்றில் நடந்ததை நாவலாசிரியர்களும் ஆய்வாளர்களும் நினைவுகூர வேண்டும். 20 விழுக்காடு போனஸ் கேட்டுக் கொழுந்தெடுக்கும் தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் அமர்ந்தனர். தொழிற்சங்கத் தலைவர்களை அண்டவிடவில்லை. ஒன்பது நாளில் கோரிக்கையை வென்றனர். பெம்பிளை ஒருமை என்று அதற்குப் பெயர். அழத் தெரிந்தவர்களுக்கு எதிர்க்கத் தெரியாது என்போர் இதற்கு என்ன விடை வைத்திருக்கிறார்கள்?

2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களை மூடியது. 70 உயிர்கள் போயின. நால்வரின் உடல் கிடைக்கவே இல்லை. மறுநாள் கோழிக்கோட்டு விமான விபத்தில் இறந்தோர் குடும்பங்களுக்கு மாநில அரசு அறிவித்தது 10 லட்சம் ரூபாய். பெட்டிமுடிக்கு 5 லட்சம். இந்த மண்ணிலிருந்து எழுதப்படும் நாவலில் ஒருத்தி மாரடித்துப் பாடினால், அந்த ஐந்து லட்சக் கணக்கையும் அவள் பாடத்தான் செய்வாள். அதைச் சோகரசம் என்று தள்ளிவைத்துவிட்டுப் பேய்களின் கூழ்ப்பாட்டில் வீரம் தேடுவோர் தேடட்டும்.