பள்ளி வேலைக்குக் கைரேகை: வலையில் விழுவது யார்?

வியாசர்பாடியில் ஆண் பிள்ளைகளைப் பெற்ற வீடுகளுக்கு ‘எழுபத்தஞ்சு கேஸ்’ என்றால் விளக்கம் தேவையில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறோம். 1888-ஆம் ஆண்டின் சென்னை மாநகரக் காவல் சட்டத்தில் 75-ஆவது பிரிவு, பொது இடத்தில் குடித்துவிட்டு ஒழுங்கீனமாக நடந்ததாகப் போடப்படும் சிறு வழக்கு. தெருமுனையில் நின்று பேசிக்கொண்டிருந்தவனையும் ராத்திரி ரோந்து வண்டி ஏற்றிக்கொண்டு போகும். காலையில் அபராதம் கட்டி அம்மா அழைத்து வருவார். அதோடு முடிந்தது என்று நினைப்போம்.

முடிவதில்லை. எங்களுக்குத் தெரிந்த ஒரு பையனுக்குப் பத்தொன்பது வயதில் அப்படி ஒரு ராத்திரி. இருபத்தாறு வயதில் தனியார் பள்ளி ஒன்றில் வேன் உதவியாளர் வேலை கிடைத்தது. காவல்துறைச் சான்று கேட்டார்கள். ‘வழக்கு உள்ளது’ என்று வந்தது. என்ன வழக்கு என்று யாரும் கேட்கவில்லை. வேலை போயிற்று.

அதற்காகச் சரிபார்ப்பே கூடாது என்று நாம் சொல்லவில்லை. நம் பிள்ளைகளும்தான் பள்ளிக்குப் போகிறார்கள். 2020-இல் வந்த போக்சோ விதிகள், குழந்தைகளோடு பழகும் நிரந்தர, ஒப்பந்த ஊழியர் அனைவரையும் அவ்வப்போது காவல்துறை மூலம் சரிபார்க்கச் சொல்கின்றன. தேவையான விதி. 2024-இல் கிருஷ்ணகிரி மாவட்டத் தனியார் பள்ளியில் என்.சி.சி. முகாம் என்ற பெயரில் சிறுமிகளுக்கு நடந்த கொடுமை நினைவிருக்கும். அந்த முகாமுக்கும் என்.சி.சி.க்கும் சம்பந்தமே இல்லை. ஒரு போன் போட்டு விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும். விஷயம் தெரிந்தும் மறைத்ததாகப் பள்ளி நிர்வாகத்தினரும் கைதானார்கள்.

அமெரிக்காவின் பல மாநிலங்களில் பள்ளியில் புதிதாகச் சேர்பவர் கைரேகை கொடுத்தாக வேண்டும். நம் ஊரிலும் அப்படி வைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அதில் நியாயமும் இருக்கிறது. இங்கிலாந்தில் 2002-இல் சோகம் என்ற ஊரில் இரண்டு பத்து வயதுச் சிறுமிகளைக் கொன்றவன் ஒரு பள்ளிக் காவலாளி. வேறு ஊரில் அவன்மீது பாலியல் புகார்கள் பல இருந்தன. வேறு பெயரில் வேலைக்கு வந்திருந்தான். பெயரை மாற்றலாம், ரேகையை மாற்ற முடியாது. இன்னொன்றும் உண்டு. வடசென்னையில் ஒரே பெயர், ஒரே இனிஷியல் கொண்டவர்கள் தெருவுக்கு நான்கு பேர். அடுத்தவன் வழக்கு நம் பையன் தலையில் விழாமல் ரேகை காப்பாற்றவும் கூடும்.

ஆனால் ரேகைப் பதிவேட்டில் யார் ரேகை இருக்கிறது என்பதுதான் கேள்வி. வெள்ளைக்காரன் காலத்துக் குற்றப் பழங்குடிச் சட்டத்துக்குத் தென்மாவட்ட மக்கள் வைத்த பெயரே ‘கைரேகைச் சட்டம்’. பிறந்த சாதியே குற்றம் என்று பதிந்த சட்டம் அது. குறவர், கள்ளர், தென்னாற்காட்டு வேப்பூர்ப் பறையர் எனப் பலரும் அதில் சிக்கினர். 1920 ஏப்ரல் 3-இல் உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்கா உட்படப் பலர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் சட்டம் 1947-இல் போய்விட்டது. பழக்கம் போகவில்லை. இன்றும் நாட்டின் விசாரணைக் கைதிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகையில் நம் பங்கு 16.6 சதவீதம்தான்.

2022-இல் வந்த குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டப்படி, கைதானவரின் ரேகை முதலிய விவரங்களை எடுத்து 75 ஆண்டு வைத்திருக்கலாம். முன்பு தண்டனை பெறாதவர் விடுதலையானால், மேல்முறையீடெல்லாம் முடிந்தபின், நீதிமன்றம் வேறுவிதமாக உத்தரவிடாத வரை அழித்துவிட வேண்டும். காகிதத்தில் நல்ல விதி. வழக்கு எத்தனை வருடம் இழுக்கும், அழித்தார்களா என்று யார் போய்ப் பார்ப்பது?

வலையின் மறுபக்கத்தையும் பாருங்கள். 2021-இல் சென்னையின் பெயர்பெற்ற பள்ளி ஒன்றின் ஆசிரியர்மீது முன்னாள் மாணவிகள் சமூக ஊடகத்தில்தான் முதலில் பேச முடிந்தது. காவல் நிலையத்துக்கே போகாத புகார் எந்த ரேகையிலும் தெரியாது. பெருக்குபவர், சமைப்பவர், வேனில் வருபவர் எல்லாம் ரேகை வைப்பார்கள். புகாரை அமுக்குகிற தாளாளர் வைக்க மாட்டார். புகாரை மறைப்பது போக்சோ சட்டத்தின் 21-ஆவது பிரிவில் குற்றம். அந்தப் பிரிவைப் பயன்படுத்தினாலே பாதி பள்ளிகள் திருந்தும் என்பது நம் எண்ணம்.

நாம் கேட்பது இதுதான். சான்றில் ‘வழக்கு உள்ளது’ என்ற ஒற்றை வரி வேண்டாம். எந்தப் பிரிவு, எந்த வருடம், என்ன முடிவு என்று எழுதுங்கள். குழந்தைகள், பெண்கள்மீதான குற்றமா என்று பாருங்கள். அதில் இரக்கமே வேண்டாம். எழுபத்தஞ்சு கேஸை அதோடு சேர்க்காதீர்கள். மறுப்பதற்குமுன் விண்ணப்பித்தவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

மாணவத் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. படிவத்தில் வழக்கு பற்றிக் கேட்டால் மறைக்காதீர்கள். அவதார் சிங் வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம், இளவயதுச் சிறு வழக்குகளை வேலை கொடுப்பவர் பொருட்படுத்தாமல் விடலாம் என்றது. பெரிய வழக்கை மறைத்தால் வேலையே போகும். வழக்கு நடக்கும்போதே வழக்கறிஞரிடம் சொல்லிவையுங்கள்: ‘சந்தேகத்தின் பலன்’ என்று விடுதலையானால் தமிழ்நாடு காவல்துறைப் பணிக்கு அது தடையாக நிற்கும், 2008-இல் உயர் நீதிமன்ற முழு அமர்வு அந்த விதியை ஏற்றிருக்கிறது. தீர்ப்பு வந்ததும் சான்றிட்ட நகலுக்கு மனுப் போடுங்கள். அதை மார்க் ஷீட்டோடு சேர்த்தே வையுங்கள்.