துறைப் பக்கம் யாருக்கு?

போன கிழமை சாட்டிக் கடற்கரையில இருந்துகொண்டு, ஏ.எல். முடிச்ச தங்கச்சி ஒருத்திக்குப் பல்கலைக்கழகத் துறை ஒன்றின் இணையப் பக்கத்தைப் போனில் திறந்து காட்டினோம். மேலே விழாப் படங்கள் ஓடின. பாடத்திட்டம் கீழே, ஸ்கான் செய்த பிடிஎப்பாக, ஆங்கிலத்தில் கிடந்தது. "அக்கா, இதில என்னதான் படிப்பிப்பினம்?" என்று கேட்டாள். அதற்குரிய பதில் அந்தப் பக்கத்தில் இல்லை.

1987இன் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. ஆனால் எங்கட துறைப் பக்கங்களில் அது பெரும்பாலும் வரவேற்புரையோடு நின்றுவிடுகிறது.

தளத்தைப் புதுப்பிக்கிறதெண்டால் நிறம் மாத்துறது மட்டுமில்லை. பாமினியில் தட்டின பழைய குறிப்புகளை யுனிகோட்டுக்கு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் தேடுபொறிக்கு அவை வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். பாடத்திட்டத்தை எழுத்தாகவே இட வேண்டும். வெறும் ஸ்கான் படத்தைப் பார்வையற்ற நண்பர்களின் திரைவாசிப்பான் அப்படியே வாசித்துவிடாது. டேட்டாவைத் தின்னும் படங்களைக் குறைக்க வேண்டும்.

தளம் செய்பவர்களிடம் ஒன்று கேட்கிறோம். துறைத்தலைவருக்குக் காட்ட முதல், இப்படியொரு தங்கச்சியின் கையில் போனைக் குடுத்துப் பாருங்கோ. அவள் எந்தப் பாடத்தை எடுப்பது என்று முடிவெடுக்கப் போவது அதை நம்பித்தான். தமிழில் எழுதித் தட்டித்தர ஆள் வேணுமெண்டால், நாங்கள் இருக்கிறம்.