ஊரின் வெயிலை இரவில் அளக்க வேண்டும்

கோடை தொடங்கியதும் தொலைக்காட்சியில் தினமும் ஒரு பட்டியல் ஓடும். வேலூர் 41, மதுரை 39, சென்னை 37. அதைப் பார்த்துவிட்டு, “வேலூர்க்காரங்க பாவம், நமக்கு மெட்ராஸ் தேவலை” என்று பேசிக்கொள்வோம். கட்டட வேலையில் மேற்பார்வையாளனாக இந்த ஊர்களில் எல்லாம் வெயிலில் நின்றவன் நான். எந்த ஊர் வாழச் சுகமானது என்று முடிவுகட்ட அந்தப் பட்டியல் உதவாது என்பது என் உறுதியான எண்ணம்.

கொத்தனார்களுக்கு இது சட்டென்று விளங்கும். வேலூரில் மே மாதம் செங்கல்லை நன்றாக ஊறவைக்காமல் கட்டினால், கலவையில் உள்ள ஈரத்தைக் கல் உறிஞ்சிவிடும். பூசிய சுவர் சில மணி நேரத்தில் வெளுக்கும். விடாமல் தண்ணீர் அடிக்காவிட்டால் வெடிப்பு விழும். சென்னையில், அதிலும் திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளில், அதே பூச்சு நிதானமாகத்தான் காயும். சுவரில் இருக்கும் தண்ணீருக்கு நடப்பதுதான் உடம்பில் வழியும் வேர்வைக்கும் நடக்கிறது. வேர்வை வழிந்தால் மட்டும் உடம்பு குளிர்ந்துவிடாது. அது ஆவியாகிக் காற்றில் போக வேண்டும். வேலூர்ச் சித்தாளின் ரவிக்கையில் சாயங்காலம் உப்புப் பூத்திருக்கும். சென்னைச் சித்தாளின் ரவிக்கை காலையில் நனைந்தது, வேலை முடியும்வரை காயாது.

இதை அளக்க ஓர் எளிய வழி உண்டு. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றிக் காற்றோட்டத்தில் வைத்தால் அது காட்டும் அளவுதான் ஈரக்குமிழ் வெப்பநிலை. வேலூரில் 41 டிகிரி, காற்றில் ஈரப்பதம் 25 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஈரக்குமிழ் 25 டிகிரியை ஒட்டி நிற்கும். சென்னையில் 36 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் அது 29 டிகிரிக்கு ஏறிவிடும். நம் தோலின் வெப்பம் ஏறக்குறைய 35 டிகிரி. ஈரக்குமிழ் அதைத் தொட்டுவிட்டால், நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான மனிதரும் பல மணி நேரம் தாங்க முடியாது. கல் சுமப்பவருக்கு அதற்கு வெகுமுன்பே ஆபத்து தொடங்குகிறது. வேலூர் வெயிலைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம்; தண்ணீர் குடிக்காமல் அங்கே மதியத்தில் வேலை செய்தால் மயங்கி விழ வேண்டியதுதான். ஆனால் அங்கே ஒரு வேப்பமர நிழலும் ஒரு சொம்புத் தண்ணீரும் கிடைத்தால் உடம்பு கொஞ்சமாவது தேறும். கடலோரப் புழுக்கத்தில் நிழலுக்குப் போனாலும் வேர்வை நிற்பதில்லை.

கடற்காற்று வந்தால் சென்னை தப்பித்தது என்பார்கள். நண்பகலை ஒட்டி அது உள்ளே வந்தால் வெப்பமானி இறங்கும், உண்மை. மேற்கிலிருந்து வீசும் தரைக்காற்று அதைத் தடுத்து நிறுத்தும் நாட்களில்தான் நகரம் 40 டிகிரியைத் தாண்டுகிறது; 2003 மே 31 அன்று 45 டிகிரி வரை போனது. ஆனால் கடற்காற்று குளிர்ச்சியோடு ஈரத்தையும் கூட்டிக்கொண்டுதான் வருகிறது. அந்த ஈரம் இரவில் பூமியின் சூட்டை எளிதாக வெளியேற விடாது. மே, ஜூனில் விடியற்காலையிலும் 28 டிகிரிக்குக் கீழே இறங்காத இரவுகள் சென்னையில் உண்டு.

கட்டுமான இடங்களில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பிள்ளைகள் தகரக் கொட்டகையில் படுத்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த இரவின் பொருள் தெரியும். பகலெல்லாம் சூடு குடித்த கான்கிரீட் தளம் ராத்திரி முழுக்க அதைக் கக்கும். தூங்காத உடம்போடு காலையில் சாரம் ஏறுகிறவனுக்கு, நேற்றைய மதியம் 37 டிகிரிதான் இருந்தது என்பது என்ன ஆறுதல்?

இந்திய வானிலை ஆய்வு மையத்தின் வரையறைகளில் இங்கே ஓர் இடைவெளி இருக்கிறது. வெப்ப அலை என்று அறிவிக்கச் சமவெளிக்கு 40 டிகிரி, கடலோரத்துக்கு 37 டிகிரி என்று தனித்தனி அளவு வைத்திருக்கிறார்கள். அது நல்ல ஏற்பாடு. ஆனால் ‘வெப்ப இரவு’ என்று அறிவிக்க, பகல் வெப்பம் 40 டிகிரியாவது இருந்தாக வேண்டும். பகலில் 37, இரவில் 30 என்று புழுங்கும் கடலோர நகரத்தின் தூக்கமில்லாத இரவு இந்தக் கணக்கில் வருவதே இல்லை.

உலக நகரங்களைத் தரவரிசைப்படுத்துகிறவர்களும் யாருடைய சுகத்தை அளக்கிறார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. எகனாமிஸ்ட் இன்டெலிஜென்ஸ் யூனிட் வெளியிடும் வாழ்தகு நகரங்கள் பட்டியலில், பயணிகளுக்குப் பருவநிலை தரும் அசௌகரியம் என்றே ஓர் அளவுகோல் உண்டு. வெளிநாட்டுக்கு அனுப்பும் அதிகாரிகளுக்குச் சிரமப்படி நிர்ணயிக்க நிறுவனங்கள் அந்தப் பட்டியலைப் பயன்படுத்துகின்றன. அங்கேயே பிறந்து, ஏசி இல்லாமல் வெளியில் உழைக்கிறவரின் சிரமத்தை அது சொல்லாது.

தமிழ்நாட்டுப் பெருநகரங்களில் என் முதலிடம் கோவைக்குத்தான். சித்திரையில் அங்கும் சுடும். ஆனால் ஊர் 400 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. இரவில் சூடு இறங்குகிறது. தென்மேற்குப் பருவம் தொடங்கியதும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் மணல் சலிக்கவே முடியாது. தளத்தில் பாத்தி கட்டி நிறுத்திய தண்ணீர் கண்ணெதிரே குறையும். அந்தக் காற்றுதான் வேலை செய்கிறவரின் முதுகையும் காயவைக்கிறது. அப்படிப்பட்ட ஊரில், மேற்கே ஜன்னல் வைக்காமல் கண்ணாடிச் சுவர் எழுப்பி, உள்ளே ஏசி போடும் கட்டடங்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. இயற்கை கொடுத்த சுகத்தை நாமே சுவர் வைத்து அடைக்கிறோம்.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதில் உயிரிழப்போர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணமும் உண்டு. உயிர் போகாமல் காப்பதற்கு இன்னொரு படி எடுத்துவைக்க வேண்டும். மாவட்டந்தோறும் ஈரக்குமிழ் அளவையும் விடியற்கால வெப்பத்தையும் தினமும் அறிவித்து, வெளிவேலைக்கான நேரத்தை அதன்படி நிர்ணயிக்க வேண்டும். ‘வெப்ப இரவு’ வரையறையைக் கடலோரத்துக்குத் தனியாகத் திருத்த வேண்டும். நாளிதழ்களும் உச்ச வெப்பத்துக்குப் பக்கத்தில் இந்த இரண்டு எண்களையும் வருகிற கோடையிலிருந்தே அச்சிட வேண்டும்.